பாசிட்டிவ் பூனைகளின் வீடு

பூனையின் மேலுதட்டைக் கட்டைவிரலால் லேசாகத் தூக்கினால் ஈறு தெரியும். நல்ல பூனைக்கு அது இளஞ்சிவப்பு. விரலால் அழுத்தி விட்டால் ஒரு கணம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பிவிடும். லுகேமியா வைரஸ் தொற்றிய பூனைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு தினமும் கைகொடுப்பது இந்த ஈறுதான். அது வெளிற ஆரம்பித்தால் எலும்பு மஜ்ஜை சிவப்பணு செய்வதைக் குறைத்துக்கொண்டதோ என்று சந்தேகப்பட வேண்டும். காகிதம்போல வெளுத்துவிட்டால் அன்றைக்கே ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம். அதுவரை அந்தப் பூனை ஒன்றுமே நடக்காததுபோல ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும். தனியாக வேட்டையாடிப் பிழைத்த சின்ன விலங்கின் வம்சம் அது. தன் பலவீனத்தை வெளியே காட்டினால் தானே இரையாகிவிடும் என்பது அதன் உடம்பில் ஊறியது.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் தென்கோடியில் கனாப் என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் செம்மணற்பாறை. பழைய கௌபாய் படங்கள் பல அந்தப் பக்கம்தான் எடுக்கப்பட்டன. ஊருக்கு வெளியே, ஏஞ்சல் பள்ளத்தாக்கில், 1984-இல் சில நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய ‘பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ்’ காப்பகத்தில் இன்று ஏறக்குறைய 1,600 விலங்குகள் வாழ்கின்றன. நாய், குதிரை, பன்றி, முயல், கிளி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பேட்டை. பூனைகளின் பேட்டைக்கு ‘கேட் வேர்ல்ட்’ என்று பெயர். லுகேமியா பூனைகளுக்கு அதற்குள் தனி இடம். கம்பி வலை போட்ட தாழ்வாரம் உண்டு. உத்தரத்தில் ஏறி நடக்கப் பலகைகள் உண்டு. பாலைவனத்து வெயில் தாராளமாக உள்ளே விழும்.

நியூ ஜெர்சி மாநிலத்தில் ரிங்கோஸ் என்ற ஊரில் இன்னொன்று. ஜோனதன் ரோசன்பெர்க் என்பவர், 1999-இல் இறந்துபோன தன் பூனை டாபியின் நினைவாக 2003-இல் திறந்த ‘டாபிஸ் பிளேஸ்’. கூண்டு என்பதே இல்லாத காப்பகம். லுகேமியா பூனைகளுக்காகப் பின்னாளில் அங்கே ‘க்வின்ஸ் கார்னர்’ என்று ஒரு பகுதியைக் கட்டினார்கள். வட கரோலினாவில் பார்வையற்ற பூனைகளுக்காகத் தொடங்கிய காப்பகம் ஒன்றும் லுகேமியா பூனைகளுக்கென்று தனிக் கட்டடம் வைத்திருக்கிறது. டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் நடப்பது வேறு மாதிரியான முயற்சி. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த இடங்களைப் பற்றிக் கேள்விப்படும் பலரும் முதலில் ஒரு மரணப் படுக்கை வார்டைத்தான் மனதில் நினைத்துக்கொள்கிறார்கள். நிஜத்தில் அங்கே இருப்பது ஓடுவதும் தாவுவதும் சண்டை பிடிப்பதும் தூங்குவதுமாக ஒரு பூனை வீடு. அந்தப் பூனைகளுக்கு ஆயுள் குறைவு என்பது உண்மை. அந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டு, வாழ வேண்டிய நாட்களையும் சேர்த்துப் பிடுங்கிய காலம் ஒன்று இருந்தது. அதை முதலில் சொல்லியாக வேண்டும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரே வீட்டில் வளர்ந்த பல பூனைகளுக்கு அடுத்தடுத்து நிணநீர்ப் புற்றுநோய் வந்ததை உள்ளூர்க் கால்நடை மருத்துவர் ஒருவர் கவனித்தார். புற்றுநோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுமா என்ன? கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஜாரெட் அதை விடாமல் பிடித்துக்கொண்டார். 1964-இல் அவரும் சகாக்களும் நோயுற்ற பூனையின் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது வைரஸ் துகள்கள் செல்லின் ஓரத்திலிருந்து மொட்டு விடுவதைக் கண்டார்கள். அது ஒரு ரெட்ரோவைரஸ். தன் மரபணுவை எடுத்துக்கொண்டுபோய் பூனையின் மரபணுவுக்குள்ளேயே செருகிவிடும் வகை. ஹெச்.ஐ.வி. வைரஸும் இதே பெரிய குடும்பம்தான். பின்னாளில் எய்ட்ஸ் பரவியபோது, அதற்கும் இப்படியொரு வைரஸ் காரணமாக இருக்கலாம் என்று ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டவர்களில் ஹார்வர்டின் மேக்ஸ் எசெக்ஸும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் டான் பிரான்சிஸும் உண்டு. இருவருமே பூனை லுகேமியாவில் வேலை செய்து வந்தவர்கள். மனிதர்கள் பூனைகளுக்குப் பட்ட கடன்களில் இதுவும் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

பூனையிலிருந்து பூனைக்கு இது முக்கியமாக எச்சில் வழியாகப் போகிறது. ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்வது, ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவது, கடித்துக்கொள்வது, தாய் குட்டிக்குப் பால் கொடுப்பது. பிரியமாகப் பழகும் பூனைகளுக்குள்தான் அதிகம் பரவுகிறது என்பது இந்த வைரஸின் கொடுமை. மனிதருக்கு வராது. நாய்க்கு வராது. உடம்பை விட்டு வெளியே வந்தால் சில மணி நேரம்கூடத் தாங்காமல் காய்ந்து செத்துவிடும். சோப்புத் தண்ணீரே அதற்குப் போதும். குட்டிகளைச் சுலபமாகப் பிடிக்கும். வளர்ந்த பூனைகள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். 2006-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக வட அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்ட பூனைகளைச் சோதித்தபோது 2.3 சதவீதம் பாசிட்டிவ் என்று வந்தது.

தொற்றிய எல்லாப் பூனைக்கும் முடிவு ஒன்றல்ல. சில பூனைகள் வைரஸை முழுக்க விரட்டிவிடுகின்றன. சிலவற்றில் அது மரபணுவுக்குள் பதுங்கி, ரத்தத்தில் தலைகாட்டாமல் கிடக்கிறது. மீதியில்தான் ரத்தத்தில் நிலைத்து நின்று, எச்சிலில் கொட்டி, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கிறது. இவற்றில் சிலவற்றுக்குத்தான் புற்றுநோய் வருகிறது. மற்றவற்றை வீழ்த்துவது ரத்தசோகையும், எதிர்ப்புச் சக்தி போனதால் வந்து ஒட்டிக்கொள்ளும் மற்ற நோய்களும். நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து நடுமட்டமாக இரண்டரை ஆண்டு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பாதிப் பூனைகள் அதைத் தாண்டியும் வாழ்கின்றன என்பதும் அதே கணக்கில் அடங்கியதுதான். பல ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் இருப்பவையும் உண்டு.

1973-இல் வில்லியம் ஹார்டி என்ற கால்நடை மருத்துவர் ரத்தத்தில் இந்த வைரஸைக் கண்டுபிடிக்கும் சோதனையை உருவாக்கினார். 1985-இல் தடுப்பூசி வந்தது. இரண்டும் சேர்ந்து நோயை வெகுவாகக் குறைத்தன. அதை மறுக்க முடியாது. ஆனால் அதே சோதனைதான் மரண உத்தரவாகவும் மாறியது. காப்பகத்துக்கு ஒரு பூனை வரும், ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள், சின்ன பிளாஸ்டிக் கிட்டில் புள்ளி தெரியும், அன்றே ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, மடியில் ஏறி உட்கார்ந்து ‘குர்ர்’ என்று முனகிக்கொண்டிருக்கும் பூனையாக இருந்தாலும் சரி. மறுபடி சோதிப்பதுகூடக் கிடையாது. அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் திட்டவட்டமாக மறுக்கிறது: பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பூனையைக் கொல்லக் கூடாது. முதல் சோதனையை வேறொரு சோதனையால் உறுதி செய்ய வேண்டும். அந்த வரிகள் அச்சில் வருவதற்கு முன்னால் எத்தனை நல்ல பூனைகள் போயிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு ஆறவில்லை.

அந்தக் காலத்துப் பின்னணியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ் சொல்லும் கணக்குப்படி, அவர்கள் தொடங்கிய 1984 வாக்கில் அமெரிக்கக் காப்பகங்களில் ஆண்டுக்குச் சுமார் 1.7 கோடி நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டன. இப்போது அது ஐந்து லட்சத்துக்கும் கீழே வந்திருக்கிறது. ஆரோக்கியமான பூனைக்கே இடமில்லாத காலத்தில் லுகேமியா பூனைக்கு யார் அறை ஒதுக்குவார்கள்? ஒதுக்கினார்கள், சிலர். இன்றைக்கு நாம் பார்க்கும் மாற்றத்துக்கு அஸ்திவாரம் அந்தச் சிலர்தான்.

லுகேமியா பூனைகளின் அறையில் காலை என்பது கிண்ணத்தை வைத்துவிட்டுப் போவதோடு முடிகிற வேலை அல்ல. யார் முதலில் வந்தது, யார் வரவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். நேற்றுவரை முந்திக்கொண்டு ஓடி வந்த பூனை இன்று அலமாரி மேலேயே உட்கார்ந்திருந்தால் அதுவே முதல் சேதி. இன்னொன்று பசியோடு ஓடிவரும், கிண்ணத்தில் வாய் வைக்கும், சட்டென்று சீறிக்கொண்டு பின்வாங்கும். உணவு பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, வாய் புண்ணாகியிருக்கிறது. ஈறும் தொண்டையும் வெந்துபோனதுபோலச் சிவந்து வீங்கும் இந்த வாய்ப்புண் இவற்றுக்குச் சகஜம். வலி மருந்து கொடுத்து, உணவைக் கூழாக அரைத்து வைத்துப் பார்ப்பார்கள். முடியாதபோது பற்களையே எடுத்துவிட வேண்டி வரும். பல் போன பூனை நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பிப்பதைப் பார்த்தவர்கள் அந்த முடிவுக்காக வருந்துவதில்லை.

மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது. எனவே டின் உணவை வெதுவெதுப்பாக்கி வைப்பார்கள். அப்படியும் மசியாதவற்றுக்கு, கையுறை மாட்டிக்கொண்டு காதின் உள்மடலில் ஒரு களிம்பைத் தடவுவதுண்டு. பசியைத் தூண்டும் மிர்ட்டசாபின் மருந்து அது. பூனைகளின் எடை இழப்புக்கென்று 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாத்திரையை வாயைத் திறந்து திணிக்கத் தேவையில்லை. காதைச் சொறிந்துவிடுவதுபோல இரண்டு விரல், அவ்வளவுதான். தோல் வழியாக மருந்து ரத்தத்தில் ஏறிவிடும். தினமும் துரத்திப் பிடித்து மாத்திரை கொடுத்தால் மனிதரைக் கண்டாலே ஒளியும் பூனைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள்.

வாரத்துக்கு ஒரு தடவை எடை. கைக்குழந்தைக்கு வைத்திருக்கும் தராசு மாதிரி ஒன்று. நூறு கிராம் குறைந்தாலும் நோட்டில் ஏறும். நாலு கிலோ பூனைக்கு நூறு கிராம் என்பது சின்ன விஷயம் அல்ல. கண்மணிகளைப் பார்ப்பார்கள். இந்த வைரஸ் கண் நரம்பைத் தொட்டால் ஒரு கண்மணி பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் நிற்பதுண்டு. மூச்சைப் பார்ப்பார்கள். மார்புக்குள் கட்டி வளர்ந்து நீர் கோத்துக்கொண்டால் பூனை முழங்கைகளை அகட்டி, கழுத்தை நீட்டி உட்கார்ந்து மூச்சு வாங்கும். பூனை வாய் திறந்து மூச்சு விட்டால் அது அவசரம். நாய்க்கு இருப்பதுபோல அது இயல்பு கிடையாது.

மருந்து என்று பார்த்தால், வைரஸை ஒழித்துக்கட்ட இன்றுவரை எதுவும் இல்லை. எய்ட்ஸ் நோயாளிகளுக்குக் கொடுத்த ஏ.இசட்.டி. மருந்தைப் பூனைகளுக்கும் கொடுத்துப் பார்க்கிறார்கள். அதுவே ரத்தசோகையைக் கூட்டிவிடலாம் என்பதால் எச்சரிக்கையாகத்தான் கொடுக்க முடியும். பூனைகளுக்கான இன்டர்ஃபெரான் ஐரோப்பாவில் கிடைக்கிறது. ரத்தம் ஏற்றலாம், அதற்கு முன் ரத்த வகை பார்த்தாக வேண்டும். பூனைகளுக்கு ஏ, பி, ஏபி என்று மூன்று வகை. மாறிப்போனால் உயிருக்கே ஆபத்து. இதெல்லாம் கொஞ்சம் காலம் வாங்கித் தருபவை. அந்தக் காலத்தை வாழத் தகுந்ததாக ஆக்குபவை வேறு. சமைத்த உணவு, ஏனென்றால் பச்சை இறைச்சியில் இருக்கும் கிருமியைத் தாங்க இவற்றால் முடியாது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது மருத்துவர். குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை. வெயில். மடி.

‘தொற்றுநோய்ப் பூனை’ என்றதும் அடைப்பு வார்டில், சளிக்காய்ச்சல் பிடித்த பூனைகளோடு ஒரே வரிசையில் போட்டுவிடும் பழக்கம் பல இடங்களில் இருந்தது. இதைவிடப் பெரிய தவறு கிடையாது. லுகேமியா பூனையிடமிருந்து மற்ற பூனைகளைக் காப்பாற்றத் தனிச் சுவர் வேண்டும்தான். அதே சுவர்தான் மற்ற பூனைகளின் சளியிலிருந்தும் வயிற்றுப்போக்கிலிருந்தும் இதைக் காப்பாற்றுகிறது. இதன் வைரஸ் சோப்பில் சாகும். இந்தப் பூனையைக் கொல்ல வரும் கிருமிகளில் பல அவ்வளவு சுலபத்தில் சாவதில்லை. அதனால் விவரம் தெரிந்த பராமரிப்பாளர் சளி பிடித்த அறைக்குப் போவதற்கு முன்பே இந்த அறையின் வேலையை முடித்துவிடுவார். தட்டு, துடைப்பம், மணல் அள்ளும் கரண்டி எல்லாம் இந்த அறைக்கென்று தனி. உள்ளே வரும் தன்னார்வலர் கை கழுவிவிட்டுத்தான் பூனையைத் தொட வேண்டும். கழுவுவது முதலில் பூனைக்காக.

அறைக்குள் வந்துவிட்டால் தடை ஒன்றும் இல்லை. பாசிட்டிவ் பூனையும் பாசிட்டிவ் பூனையும் தாராளமாக ஒன்றையொன்று நக்கிக்கொள்ளலாம், ஒரே கூடையில் சுருண்டுகொள்ளலாம். வெளியே இந்தப் பிரியம்தான் ஆபத்தாக இருந்தது. இங்கே அதற்கு அனுமதி உண்டு. ஒரு தனி வீட்டில் தனியாக வாழும் லுகேமியா பூனைக்குக் கிடைக்காத ஒன்றை இந்தக் காப்பகங்கள் கொடுக்கின்றன என்றால் அது இதுதான்.

உள்ளே நுழைவதற்கு முந்தைய காத்திருப்புதான் எனக்கு மிகவும் மனக்கஷ்டம் தருகிறது. முதல் சோதனை பாசிட்டிவ், இரண்டாவது வேறு வகைச் சோதனை நெகட்டிவ் என்று வரும் பூனைகள் உண்டு. சமீபத்தில்தான் தொற்றியிருக்கிறதா, உடம்பு எதிர்த்துப் போராடிக்கொண்டிருக்கிறதா, சோதனையே பிசகா என்று அப்போது சொல்ல முடியாது. வாரக்கணக்கில் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை அந்தப் பூனை நோயுள்ள கூட்டத்திலும் சேர முடியாது, நோயில்லாத கூட்டத்திலும் சேர முடியாது. குட்டியாக இருந்தால் விளையாடத் துணை தேடிக் கத்தும். மனிதர்கள்தான் அதற்குக் கூடப்பிறந்தவர்களாக இருக்க வேண்டும். நூலை இழுத்துக் காட்டி, முழங்காலில் தூங்கவைத்து, அந்த வாரங்களைக் கடத்த வேண்டும். கடைசியில் நெகட்டிவ் என்று உறுதியாகிப் பூனை சாதாரணப் பகுதிக்கு மாறுகிற நாள் இந்த வேலையில் கிடைக்கும் பெரிய பரிசு. பழைய முறைப்படி பார்த்திருந்தால் அந்தப் பூனை முதல் நாளே செத்திருக்கும்.

குட்டிகள் விஷயத்தில் மனதைக் கல்லாக்கிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. கருவிலோ பாலிலோ தொற்று வாங்கிய குட்டி மற்றக் குட்டிகளைப்போலவே திரைச்சீலையில் ஏறும், வாலைத் துரத்தும், கொழுகொழுவென்று வளரும். ஒன்றரை, இரண்டு வயதில் திடீரென்று ஒரு வாரத்தில் சரிந்துவிடும். ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதும் உண்டு. பராமரிப்பாளர்களில் சிலர் இதைத் தாங்காமல் வேறு பகுதிக்கு மாற்றிக்கொள்வார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிலர் இந்த அறையைத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்கள்.

முடிவெடுக்கும் நேரமும் வரும். சாப்பாடு நின்று, ரத்தம் ஏற்றியும் ஈறு சிவக்காமல், மூச்சுக்குத் திணறும் பூனையை இழுத்துப் பிடித்து வைத்திருப்பது அன்பு ஆகாது. அப்போது போடும் ஊசியும் அன்று காப்பகத்து வாசலில் போட்ட ஊசியும் ஒரே மருந்தாக இருக்கலாம். ஒன்று நோயின் கடைசியில் வருகிறது, மற்றது நோயே வருவதற்கு முன்னால் வந்தது. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்க நான் தயாராக இல்லை. கனாப்பில் இறந்த விலங்குகளுக்கென்று ‘ஏஞ்சல்ஸ் ரெஸ்ட்’ என்ற நினைவிடம் இருக்கிறது. லுகேமியா பூனைகளும் மற்றவற்றோடு சமமாக அங்கே போய்ச் சேர்கின்றன.

ஆனால் காப்பகத்திலேயே பிறவி முடிவதுதான் இவற்றின் விதி என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது. ஆஸ்டினில் நடப்பது இந்த இடத்தில்தான் முக்கியம். அந்த நகரம் 2010-இல் கொல்லாக் கொள்கைக்கு வாக்களித்தது. அதற்குப் பின்னால் இருந்த முக்கியமான சக்திகளில் ஒன்று, எலன் ஜெஃபர்சன் என்ற கால்நடை மருத்துவர் 2008-லிருந்து புதுப்பித்து நடத்திய ‘ஆஸ்டின் பெட்ஸ் அலைவ்’. எந்தெந்த விலங்குகள் கொல்லப்படுகின்றன என்று ரகம் பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு திட்டம் போட்டார்கள். தாயில்லாக் குட்டிகளுக்கு ஒன்று, பார்வோ வைரஸ் தொற்றிய நாய்க்குட்டிகளுக்கு ஒன்று, லுகேமியா பூனைகளுக்கு ஒன்று. இந்தப் பூனைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டே இருக்காமல் வீடுகளுக்குத் தத்துக் கொடுப்பதுதான் திட்டத்தின் உயிர். வியாதியை மறைப்பதில்லை. எவ்வளவு காலம் இருக்கும் என்று தெரியாது, எப்படிப் போகும் என்பது ஓரளவு தெரியும், சம்மதமா என்று கேட்டுத்தான் கொடுக்கிறார்கள். சம்மதம் என்று சொல்ல ஆட்கள் வருகிறார்கள். யாரும் எடுக்க மாட்டார்கள் என்று இத்தனை காலம் சொல்லி வந்ததற்கு, யாரிடமும் கேட்டுப் பார்க்காதது ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தத்தெடுக்கிறவரிடம் எதிர்பார்ப்பது அதிகம் இல்லை. பூனை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். வீட்டில் நோயில்லாத வேறு பூனை இருந்தால் பிரித்து வைப்பதுதான் பாதுகாப்பு. தடுப்பூசி நல்ல கவசம், ஆனால் நூற்றுக்கு நூறு அல்ல. நாய் இருந்தால் பிரச்சினை இல்லை, குழந்தைகள் இருந்தாலும் இல்லை. உடம்பு சரியில்லை என்று தோன்றினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. மற்றப் பூனைக்கு ஒரு வாரம் பொறுக்கும் காய்ச்சல் இதற்குப் பொறுக்காது. வாரம் ஒரு தடவை எடை, அவ்வப்போது ஈறு. முடிந்தால் ஒன்றை மட்டும் எடுக்காமல், காப்பகத்தில் ஒரே கூடையில் தூங்கிப் பழகிய இரண்டை எடுத்துக்கொண்டு போகலாம்.